வாயைப் பொத்திய கை

தாஸ் அண்ணனின் வாயைப் பொத்தியது என் கை. வேறு யாருடையதும் இல்லை. சாட்சி சொல்ல எழும்புகிறவன் முதலில் துதியைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். துதி வரும், கடைசியில் வரும். முதலில் இதைச் சொல்லி விடுகிறேன், பிரியமானவர்களே. ஏனென்றால் இதே சம்பவத்தை நான் ஏற்கனவே ஒரு தடவை உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். அன்றைக்கு நான் ஒரு பொய்யைச் சொன்னேன். இன்றைக்கு முழுவதையும் எழுதுகிறேன்.

என் பெயர் மோசஸ். ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணக்குப் படிப்பிக்கிறேன். பதினேழு வயதில் ஞானஸ்நானம் எடுத்தவன். அதற்கு முன்னால் மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குத் தோரணம் கட்டிய வீட்டுப் பிள்ளை. இடையில் வந்தவன் என்பதால் சபையிலேயே பிறந்தவர்களைவிட எனக்கு வைராக்கியம் அதிகம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே.

சென்ற ஆண்டு எங்கள் ஜெபவீட்டிலிருந்து பதினொரு பேர் சைக்கிளில் நாட்டைக் கடக்கப் புறப்பட்டோம். வடக்கே பருத்தித்துறையில் ஆரம்பித்து மலைநாட்டுக்குள் ஏறி இறங்கி தெற்கே தெய்வேந்திரமுனையில் முடிப்பது. வழியில் ஒவ்வொரு ஊரிலும் நின்று தேசத்துக்காக ஜெபிப்பது. யோசனை என்னுடையது. அதனால் தலைவனும் நான்தான். பாஸ்டர் ஐயா ஒரு வேனில் சாமான்களோடும் சாப்பாட்டோடும் பின்னால் வந்தார். மஞ்சள் மேல்சட்டை பதினொன்றையும் தைத்துத் தந்தவர் தாஸ் அண்ணன்.

தாஸ் அண்ணன் தையல்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். ஆனாலும் நான் ஆசிரியர் என்பதால் என்னை ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடும். குனியக் குனியக் குட்டுவோம்.

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது. நாளுக்கு இரண்டு தடவை ஊசி போட வேண்டிய அளவுக்கு. பயணத்துக்கு ஒரு வருடம் முன்பு உபவாச ஜெபத்தில் நாங்கள் எல்லாரும் அவர்மேல் கை வைத்து ஜெபித்தோம். மூன்று வாரம் கழித்து கிளினிக்கில் சீனி நன்றாகக் குறைந்திருப்பதாகச் சொன்னார்களாம். சந்தோஷமாக வந்து என்னிடம் சொன்னார். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, இது சுகம்தான். ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லிருங்க" என்றேன்.

"ஊசியும் போட்டுக்கிட்டுத்தான் சேர் இருக்கேன். அதையும் சேத்து சொல்லவா?"

"அத எதுக்கு சொல்றீங்க? மகிமைய ஊசிக்கா குடுக்கப் போறீங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மைக்கைப் பிடித்தபோது கை நடுங்கியதை நான் பார்த்தேன். பரவசம் என்று நினைத்துக்கொண்டேன். ‘கர்த்தர் என்னைப் பூரணமாகச் சுகமாக்கினார்’ என்று நான் சொல்லிக்கொடுத்த அதே வசனத்தில் சொல்லி முடித்தார். ஜெபவீடு அதிர்ந்தது. யாரோ அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, வெளிநாட்டில் இருந்துகூட ஆமென் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் எப்படி ஊசியைப் பற்றி வாய் திறப்பார்? திறக்கவில்லை. ஒளித்து ஒளித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை.

பயணம் முழுக்க அவர் சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் பக்கெட் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை சைக்கிளை ஓரம் கட்டி இரண்டு பிஸ்கட் சாப்பிடுவார். வவுனியா தாண்டுவதற்குள் நான் அவருக்கு ‘பிஸ்கட் பிரதர்’ என்று பெயர் வைத்துவிட்டேன். தம்புள்ளையில் ஒரு சபையில் எங்களை அறிமுகப்படுத்தும்போதே அந்தப் பெயரைச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கும்போது அவருக்கு வேறு என்ன செய்ய முடியும்?

ஐந்தாம் நாள் கினிகத்தேனை ஏற்றம் ஏறி, எங்கள் ஊரான ஹட்டனுக்கே வந்து ஜெபவீட்டில் தங்கினோம். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று நுவரெலியா வரைக்கும் ஏற வேண்டிய நாள். பத்து நாள் பயணத்தில் அதுதான் கடுமையானது.

வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் உபவாசம். சாயந்தரம் வரைக்கும் தண்ணீர் மட்டும். ஆனால் சைக்கிள் ஓட்டும் வெள்ளிக்கிழமைக்கு உபவாசம் வேண்டாம் என்று பாஸ்டர் ஐயா புறப்படும் முன்பே சொல்லியிருந்தார். எல்லாரும் அதை நம்பித்தான் இருந்தார்கள். தாஸ் அண்ணனும் நம்பித்தான் விடியற்காலையிலேயே கழிவறைக்குள் போய் ஊசியைப் போட்டுக்கொண்டார். ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வேனில் ரொட்டியும் சம்பலும் தயாராக இருந்தது.

காலை ஜெபம் முடிந்ததும் நான் எழும்பி நின்றேன்.

"இன்னைக்கி நாம உபவாசத்தோட ஏறுறோம். மாம்சத்துக்குச் சோறு போட்டு ஏறுறதுக்கு ஜிம்முக்குப் போலாம். நாம ஊழியத்துக்கு வந்திருக்கோம்" என்றேன்.

பாஸ்டர் ஐயா மெதுவாகச் சொன்னார். "மோசஸ், மலை ஏத்தம்ங்க. கஞ்சியாச்சும் குடிச்சிட்டுப் போகட்டுமே."

"நீங்க வேன்ல இருந்து சாப்பிடுங்க ஐயா" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதோடு விட்டுவிட்டார். நல்ல மனிதர்களின் பலவீனம் அது.

பிறகு ஒவ்வொருவர் பையையும் திறக்கச் சொல்லி, தின்பதற்கு இருந்த எல்லாவற்றையும் வாங்கி வேனில் போட்டேன். மிட்டாய்கூட விடவில்லை. தாஸ் அண்ணனின் சட்டைப் பையில் இருந்த பிஸ்கட் பக்கெட்டை நானே கையை விட்டு உருவி எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன்.

"சேர், நான் வந்து..." என்று ஆரம்பித்தார்.

"என்னா அண்ணே, விசுவாசம் வயித்துலயா இருக்கு?"

சிரிப்பு எழும்பியது. அவர் என்னைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். ‘நான் ஊசி போட்டிருக்கிறேன்’ என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னால் ஒரு வருடத்துக்கு முன் மைக்கில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். பத்துப் பேருக்கு முன்னால் பொய்யனாக நிற்பதைவிட மலை ஏறிவிடலாம் என்று அவர் முடிவு செய்தார். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்று நாளாக விட்டு விட்டு மழை. கொட்டகலை தாண்டும்போதே சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. மூடுபனியில் பத்து அடிக்கு முன்னால் போகிறவன் தெரியவில்லை. தலவாக்கலை வரைக்கும் தாஸ் அண்ணன் சமாளித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பின்தங்க ஆரம்பித்தார். நான் அவருக்காக நின்றபோது அவர் எதற்கோ தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். "பொத்தான் ஓட்ட கோணலாயிருச்சு" என்றார். என்ன பொத்தான் என்று கேட்டேன். மறுபடியும் சிரித்தார். என்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது.

லிந்துலைக்கு அப்பால் பெரிய வீதியில் மண் சரிந்து கிடந்தது. பொலிஸ் வாகனங்களை நிறுத்திவிட்டு, சைக்கிள் என்றால் தோட்டத்து ரோட்டால் சுற்றிப் போகலாம் என்று சிங்களத்தில் சொன்னார்கள். வேன் அங்கேயே நின்றது. ரொட்டி, சம்பல், பிஸ்கட் எல்லாம் வேனோடு நின்றது. நாங்கள் பதினொரு பேர் மட்டும் தோட்டத்துக்குள் திரும்பினோம். திரும்பும் முன் பாஸ்டர் ஐயா என் கையைப் பிடித்து, "தாஸுக்கு மொகம் சரியில்ல, என்கூட விட்டுட்டுப் போங்க" என்றார். நான் கேட்கவில்லை. ஒருவரை விட்டால் பின்னால் ஒவ்வொருவராக வேனில் ஏறுவார்கள் என்று எனக்குப் பயம்.

அந்த ரோடு குண்டும் குழியுமாக, நெட்டுக்குத்தாக ஏறியது. மற்ற ஒன்பது பேரையும் முன்னால் அனுப்பிவிட்டு, நான் தாஸ் அண்ணனின் பின்னாலேயே ஓட்டினேன். அவர் தளர்ந்தபோதெல்லாம் என் முன் சக்கரத்தால் அவருடைய பின் சக்கரத்தை இடித்தேன். "மிதிங்க! மிதிங்க அண்ணே!" என்று கத்தினேன். அந்தக் குளிரில் அவர் கழுத்திலிருந்து வியர்வை ஒழுகியது. மழைத்தண்ணீர் என்று நினைத்தேன். வகுப்பில் கணக்குத் தெரியாத பிள்ளையை நான் எப்படி விரட்டுவேன் என்பது என் மாணவர்களுக்குத் தெரியும். அதே மாதிரிதான் விரட்டினேன்.

ஒரு முடக்கில் ரோடு திரும்பியது. அவர் திரும்பவில்லை. பிரேக்கையும் பிடிக்கவில்லை. நேராகப் போய் ரோட்டோரத்து மேட்டிலிருந்து கீழே தேயிலைக்குள் விழுந்தார்.

தேயிலையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது கவாத்து வெட்டிய மலை. சில வருடங்களுக்கு ஒரு தடவை செடியின் தலையை முழுக்க வெட்டிவிடுவார்கள். இலை ஒன்றும் இருக்காது. முழங்கால் உயரத்துக்குக் கொம்புகள் மட்டும் நிற்கும், கத்தியால் சாய்த்து வெட்டிய முனையோடு. கொழுந்து நிறைந்த மலையாக இருந்திருந்தால் மெத்தையில் விழுந்த மாதிரி விழுந்திருப்பார். இவர் விழுந்தது அந்தக் கொம்புகளின் மேல். முகம் கீழே இருந்தது.

நான் இறங்கிப் போய்ப் புரட்டினேன். இடது கண் இருந்த இடத்தை ஒரு தடவைதான் பார்த்தேன். என் கழுத்துத் துண்டை எடுத்து அதன்மேல் வைத்துக் கட்டினேன். அவர் வலியில் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். கண் போன மனிதர் கத்தாமல், உதடு துடிக்க, கையால் காற்றில் எதையோ தைத்துக்கொண்டிருந்தார்.

என் சத்தம் கேட்டு முன்னால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். எல்லாருமாகத் தூக்கி ரோட்டில் படுக்க வைத்தோம். போனில் சிக்னல் இல்லை. எங்களில் வேகமாக ஓட்டுகிற விமலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தான். திருவிழா லீவாம், பூட்டியிருக்கிறதாம். கீழே எங்கேயோ கோவில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. தாஸ் அண்ணனின் உடம்பு வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரைக்கும் இருந்தது கோபம். சேற்றில் முழங்கால் போட்டு ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. "ஆண்டவரே, யாரையாச்சும் அனுப்பும். யாரா இருந்தாலும் அனுப்பும். இவர கொண்டுபோயிராதீங்க. நான்தான் செஞ்சேன், நான்தான் செஞ்சேன்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

ஜெபித்து வாய் மூடவில்லை, முடக்குக்குக் கீழே ஆள் குரல் கேட்டது. நாலைந்து பெண்கள், தலையில் துண்டு, நெற்றியில் திருநீறும் குங்குமமும். கோவிலில் அபிஷேகம் முடிந்து மேல் லயத்து வீடுகளுக்குத் திரும்பிப் போகிறவர்கள். முன்னால் வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். ராசம்மா என்பது அவர் பெயர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கொழுந்து எடுக்கிற அம்மா. பையைக் கீழே வைத்துவிட்டு நேரே வந்து தாஸ் அண்ணனின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இவருக்குச் சீனி இருக்கா?"

"இல்ல. சொகமாயிருச்சு" என்றேன். அந்த நிலையிலும் அதைத்தான் சொன்னேன்.

அவர் என்னை நம்பவில்லை. தாஸ் அண்ணனின் இடுப்புப் பையைத் திறந்தார். ஈரத் துணியில் சுற்றிய சின்ன மருந்துப் போத்தலும் ஊசியும் அதற்குள் இருந்தது. தூக்கிக் காட்டினார்.

"அப்ப இது என்னாது? எங்க வீட்டுக்காரருக்கும் இதே ஊசிதான். காலைல என்னா சாப்பிட்டாரு?"

 விமல்தான் சொன்னான். "நாங்க உபவாசம்ங்க."

"ஊசியும் போட்டுட்டு வெறும் வயித்துல மலை ஏறுனாரா? அடப்பாவிங்களா. ஒடம்புல சீனி எறங்கிப் போச்சு. இப்ப வாயில இனிப்பு போகலன்னா ஆளு போயிரும். யாருகிட்டயாச்சும் சீனி இருக்கா? மிட்டாய்?"

பத்துப் பேரிடம் ஒரு மிட்டாய் இல்லை. காலையில் நான்தானே எல்லாவற்றையும் வாங்கி வைத்தேன்.

ராசம்மா அக்கா தன் பையிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தபோதே வாசனை வந்தது. வாழைப்பழம், தேன், சர்க்கரை. பதினேழு வயது வரைக்கும் அந்த வாசனைக்காக விடியற்காலையில் குளித்தவன் நான். பஞ்சாமிர்தம்.

"இது சாமிக்குப் படைச்சதா?" என்று கேட்டேன்.

"படைச்சது இல்ல. சாமி மேல ஊத்துனது. பொய் சொல்லச் சொல்றீங்களா?"

பிரியமானவர்களே, இந்த இடத்தைக் கவனமாக எழுதுகிறேன். எனக்கு அப்போது எல்லாம் தெரியும். அவருக்கு ஊசி போட்டிருக்கிறது, இனிப்பு வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடுவார் என்பது தெரியும். தெரிந்தும் நான் தாஸ் அண்ணனின் வாயைக் கையால் பொத்தினேன். படைத்ததைத் தொடக்கூடாது என்பதற்காக என் சொந்த அக்காள் வீட்டுத் திருவிழாச் சோற்றையே இருபது வருடமாகத் தொடாதவன் நான். கையே தானாகப் போய்விட்டது.

"அது வேணாங்க. லயத்துல சும்மா சீனி இருந்தா கொண்டு வாங்க" என்றேன்.

"லயம் மேல இருக்கு. போய் வர அரை மணியாகும். அதுக்குள்ள பொணத்துக்குத்தான் சீனி ஊட்டணும்."

நான் கையை எடுக்கவில்லை. என் கைக்குக் கீழே அவர் உதடு துடித்ததை இப்போதும் உள்ளங்கையில் உணர்கிறேன்.

ராசம்மா அக்கா என் முகத்துக்கு நேரே குனிந்தார். "இப்ப நீங்கதான கத்துனீங்க? அந்த முடக்கு வரைக்கும் கேட்டுச்சு. யாரா இருந்தாலும் அனுப்புன்னு கேட்டீங்கல்ல? வந்துட்டோம்ல? கைய எடுங்க."

 அவர் என் நடுவிரலைப் பிடித்து, முருங்கைக் காயை முறிக்கிற மாதிரிப் பின்னால் வளைத்தார். கை விலகியது. விரல் விலகியதால்தான் கை விலகியது, மனதால் விலக்கவில்லை என்பதையும் எழுதி விடுகிறேன்.

தாஸ் அண்ணனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் பஞ்சாமிர்தத்தைத் தொட்டுக் கன்னத்துக்கு உள்பக்கமாகத் தடவினார். மறுபடியும் தொட்டார், தடவினார். அண்ணனின் பல் கடித்து விரலில் ரத்தம் வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. மற்ற பெண்களில் ஒருத்தி ஆட்டோ கூப்பிடக் கோவிலுக்கு ஓடினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இழுப்பு நின்றது. தொண்டை ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்சம் தடவினார். அண்ணன் அதை நக்கி விழுங்கினார். அந்த டப்பாவில் பாதி தீர்ந்தபோது தாஸ் அண்ணன் வலது கண்ணைத் திறந்தார்.

முதலில் அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. பிறகு என்னைத் தெரிந்தது. உதடெல்லாம் பஞ்சாமிர்தம் ஒட்டியிருக்க, கட்டுக்குக் கீழே ரத்தம் வழிய, பயந்த குரலில் சொன்னார்.

"நான் ஒண்ணும் சாப்பிடல சேர்."

நான் அழுதேன். சேற்றில் விழுந்து அழுதேன். செத்துப் பிழைத்த மனிதனுக்கு வலிக்கு முன்னால் என்னைப் பற்றிய பயம் வந்திருக்கிறது. என் ஊழியத்தின் கனி அதுதான்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். டாக்டர் சிங்களத்தில், "கவுத சீனி துன்னே?" என்று கேட்டார். இனிப்பு கொடுத்தது யார் என்று அர்த்தம். அது போகாமல் இருந்திருந்தால் மூளை போயிருக்கும், ஆளே போயிருப்பார் என்றார். என்னைப் பார்த்து, நல்ல வேலை செய்தீர்கள் என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன்.

தாஸ் அண்ணனின் மனைவி ரோஸ்லின் அக்கா ஹட்டனிலிருந்து வந்து சேர்ந்தார். பெரிதாகக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த மைக்க புடிச்ச நாள்லருந்து வீட்டுல கதவ சாத்திக்கிட்டுத்தான் சேர் ஊசி போடுவாரு. கள்ளச் சாராயம் வச்சிருக்கவங்க மாதிரி அந்த போத்தல ஒளிச்சு வச்சிருந்தோம்" என்றார்.

ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன்.

"இப்ப ஜெபம் வேணாம் சேர். மொதல்ல அவருக்குக் கஞ்சி வாங்கிட்டு வாங்க."

வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் கையில் கொடுத்தேன். மீதி ஒன்பது பேரும் பயணத்தைத் தொடர்ந்து தெய்வேந்திரமுனையில் முடித்தார்கள். நான் ஆஸ்பத்திரி வாங்கிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் வீடு திரும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் நான் சாட்சி சொன்னேன். அதற்கு முதல் நாள் சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "எல்லாத்தையும் சொல்லுங்க. அந்தப் பஞ்சாமிர்தத்த மட்டும் சீனித் தண்ணின்னு சொல்லிருங்க. பலவீனமானவங்க இடறிருவாங்க" என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. ‘கர்த்தர் ஒரு சகோதரியை அனுப்பினார், சீனித் தண்ணீர் கொடுத்தாள், அண்ணன் பிழைத்தார்’ என்றேன். வாயைப் பொத்தியதைப் பற்றி மூச்சு விடவில்லை. நீங்கள் கைதட்டினீர்கள். சிலர் அழுதீர்கள்.

ஆராதனை முடிந்ததும் தாஸ் அண்ணன் என்னிடம் வந்தார். ஒரு கண்ணில் கட்டு. கடிக்கத் தெரியாத மனிதர் என்றேனே, உண்மையாகவே பாராட்டத்தான் வந்தார்.

"நல்லா சொன்னீங்க சேர்" என்றார். "நானும் அன்னைக்கி இப்படித்தான் சொன்னேன். எனக்கும் கை தட்டுனாங்க."

அன்று மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனேன். காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "எந்திரிங்க சேர், அக்கம்பக்கத்துல பாக்குறாங்க" என்றார். மன்னித்தேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்கப் போவதில்லை. ஒரு கண்ணோடு ஊசியில் நூல் கோக்க அவர் படுகிற பாட்டை வாரத்துக்கு ஒரு தடவை கடையில் போய்ப் பார்க்கிறேன். என்னைக் கோக்க விடமாட்டார்.

ராசம்மா அக்காவையும் தேடிப் போனேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையோடு நின்றார். நன்றி சொன்னேன். கண் போய்விட்டது என்று சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம், "ஒங்க வெரலு சொகமாயிருச்சா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் தகுதியானவன்தான்.

இப்போது துதியைச் சொல்கிறேன். சேற்றில் முழங்கால் போட்டு நான் கேட்டேன், கேட்ட வாய் மூடும் முன்பே என் ஆண்டவர் பதில் அனுப்பினார். அவருக்கு ஸ்தோத்திரம். நெற்றியில் திருநீறோடு அந்தப் பதில் வந்தபோது, அதைத் தடுத்தது நான். என்னையும் தாண்டி அவர் தாஸ் அண்ணனைக் காப்பாற்றினார். இதைச் சொல்வதால் யாராவது என்னைச் சபையிலிருந்து விலக்கினால் விலக்குங்கள். இதில் ஒரு சொல்லைக்கூட இனி நான் மாற்றமாட்டேன்.

உங்களில் ‘சுகமாகிவிட்டேன்’ என்று மைக்கில் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மருந்து குடிக்கிறவர்கள் இருக்கலாம். என்னைப் போல ஒருவன் உங்களைச் சொல்ல வைத்திருக்கலாம். பயப்படாதீர்கள். ஆண்டவருக்கு உங்கள் மருந்துப் போத்தல் தெரியும், அவர் அதற்காகக் கோபிக்கிறவர் இல்லை. கோபித்தவன் நான். அவரை நம்பி வாருங்கள். வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபம் இன்னமும் நடக்கிறது. வாசலில் நான்தான் நிற்கிறேன், உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் ‘மருந்து எடுக்கிறீர்களா?’ என்ற ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்.

மருந்து எடுக்கிறவர்களே, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.